எங்களிடம் இல்லாத பாடம்

ஒரு பாடசாலையைப் பற்றி வருடா வருடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: எழுதியதை யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக எழுதலாம்.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வால்தம்ஸ்டோவில் ஓர் அரசாங்கப் பாடசாலையில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கவனிக்கும் அலுவலன் நான். வயது ஐம்பத்து நான்கு. இந்த மேசைக்கு வருவதற்கு முன், அதே பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் குடுவை கழுவினேன். விண்ணப்பக் காலம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை தன்னைப் பற்றி எழுதவேண்டிய அந்த ஒரு பக்கத்துக்காக வீட்டில் எத்தனை கதவு அடித்துச் சாத்தப்படும் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விண்ணப்பத்தோடு பாடசாலையும் தன்னைப் பற்றி ஒரு குறிப்பு அனுப்புகிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே என்னென்ன பாடங்கள் உண்டு, ஒரு பிள்ளை ஆகக்கூடியது எத்தனை எடுக்கலாம், வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்து எத்தனை பேர் இலவச மதிய உணவு சாப்பிடுகிறார்கள், எந்த வருடம் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் போனது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பிள்ளை வாங்கிய புள்ளியை எங்கே நின்றுகொண்டு வாங்கியது என்று பல்கலைக்கழகம் பார்ப்பதற்காக. அந்தக் குறிப்பை எழுதுகிறவனாக நான் பட்டதில் சிலவற்றை, நீங்களும் இதே காலத்தில் வேறு பக்கத்தில் நின்று பட்டிருப்பீர்கள் என்ற துணிவில் சொல்கிறேன்.

பணிவான மாணவர்

முதல் வருடம். எங்கள் உயர்தரப் பிரிவின் தலைவி திருமதி அடெயெமி. லாகோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், வரலாறு படிப்பிப்பவர். ஆசிரியர்கள் தரும் குறிப்புகளைச் சேர்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரிந்துரை தயாரிப்பதும் என் வேலை. முதல் பன்னிரண்டையும் மிகுந்த அக்கறையோடு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாள்களை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பன்னிரண்டிலும் 'பணிவானவர்' என்ற சொல் இருந்தது. ஏழில் 'பெரியோரை மதிப்பவர்'. இரண்டில் 'நல்ல குடும்பத்துப் பிள்ளை'.

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஒரு பிள்ளையை மெச்சுவதென்றால் நாங்கள் அங்கேயிருந்துதானே தொடங்குவோம்? ஒரு பையன் பௌதிக வகுப்பில் என்ன கேள்வி கேட்டான், எந்த விடையை ஏற்காமல் ஆசிரியரோடு வாதாடினான், அதுதான் வேண்டும் என்றார். ஆசிரியரோடு வாதாடியதை எழுதினால் அவனுக்குக் கெடுதல் வராதா என்று கேட்டேன். அவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குலா, என் அம்மா என் தம்பிக்குப் பெண் கேட்டுப் போனபோது இதே சொற்களைத்தான் சொன்னார். அவன் பொறியியலுக்கு இடம் கேட்டபோது அவரை நாங்கள் வாயைத் திறக்க விடவில்லை."

வீடு விற்பவரின் எழுத்து

அடுத்தது பாடசாலைக் குறிப்பு. எனக்கு முன் இருந்தவர் எழுதியதை நான் இன்னும் மெருகுபடுத்தியிருந்தேன். புதிய நூலகம், நாடக மண்டபம், செயற்கைப் புல் போட்ட மைதானம். திருமதி அடெயெமி ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இது வீடு விற்பவரின் எழுத்து என்றார். பௌதிகத்துக்கு ஒரு வருடம் நிரந்தர ஆசிரியர் இருக்கவில்லை, அதை எழுதுங்கள். மூன்று பாடத்துக்கு மேல் எடுக்க எங்கள் நேரசூசியில் இடமில்லை, அதை எழுதுங்கள். எங்களிடம் என்ன இல்லை என்று சொல்லுங்கள். அது இல்லாமலே பிள்ளைகள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிப் போடுகிற சனம் நாங்கள். இல்லாததை எழுதி, கையொப்பமும் வைத்து அனுப்பு என்றால்? எழுதினேன். ஒரு வரியைத் தவிர. பாடப் பட்டியலில் 'மேலதிகக் கணிதம்' என்று இருந்தது. கணிதத்துக்கும் பொறியியலுக்கும் போகிற பிள்ளைகள், வழமையான கணிதத்தோடு இன்னொரு பாடமாக எடுப்பது. அதைப் படிப்பித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், வகுப்பு நடக்கவில்லை. ஆனால் பாடசாலையின் கையேட்டில் 'போதிய மாணவர் சேர்ந்தால் நடைபெறும்' என்று இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆகவே இது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெயர் இருந்தால் பட்டியல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதுபோல இருந்தது. பட்டியல் கையேட்டில் உள்ளபடியே இருக்கிறது என்று திருமதி அடெயெமியிடம் சொன்னேன். அவர் என்னை நம்பி அதை மட்டும் வாசிக்காமல் விட்டார். மற்ற எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"நல்லது. இனி இதை ஒருவர் நம்பி வாசிக்கலாம்."

மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு

அதன்பின் ஒவ்வொரு வருடமும் திகதியை மாற்றி அதே குறிப்பை அனுப்பினேன். சென்ற வருடம் புரட்டாதியில் ஒருவர் அதைக் கேட்டு வாங்கி வாசித்தார். எங்கள் சனத்தில் அப்படிச் செய்த முதல் தகப்பன் அவர்தான். பெயர் பாலகுமார், பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் விநியோகிக்கும் வான் ஓட்டுகிறவர். மகள் ஆரணி எங்கள் பாடசாலையில் கணிதம், பௌதிகம், இரசாயனம் படித்தாள். எல்லோரும் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். பெற்றோர் சந்திப்பு அன்று பாலகுமார் குறிப்போடு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, என்ர பிள்ளை வீட்டில இருந்து புட்டுக் கட்டிக்கொண்டு வாறவள். அவளின்ர விண்ணப்பத்தில மற்றப் பிள்ளையளின்ர இலவசச் சாப்பாட்டை ஏன் எழுதுறியள்?"

"அது பள்ளிக்கூடத்தைப் பற்றித் தம்பி. ஆரணியைப் பற்றி இல்லை."

"எங்களைப் பாத்து இரக்கப்படுங்கோ எண்டு கேக்கிறியளா?"

"இல்லை. ரெண்டு பிள்ளையள் ஒரே புள்ளி எடுத்தால், ஆர் கூடத் தூரம் ஓடி வந்தது எண்டு பாக்கச் சொல்லுறம்."

அவர் குறிப்பை மேசையில் வைத்தார். பிறகு தன் உண்மையான வருத்தத்துக்கு வந்தார். ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மைத்துனரின் மகன் நாலு பாடம் எடுக்கிறானாம். ஆரணி ஏன் மூன்று என்று சந்திக்கிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்கிறார்களாம். இங்கே மூன்றுக்கு மேல் எடுக்க விடுவதில்லை, அதையும் எழுதியிருக்கிறோம் என்று அந்த வரியைக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தார். முகம் வெளித்தது.

"அப்ப இதில எனக்கொரு கொப்பி அடிச்சுத் தாங்கோ அண்ணை. சனிக்கிழமை ஒரு கலியாண வீடு இருக்கு, கொண்டுபோறன்."

ஜன்னலோர மேசை

ஆரணியை நான் அதிகம் கண்டது நூலகத்தில். மதிய இடைவேளையில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலோர மேசையில், புட்டுப் பெட்டியை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பாள். நூலகத்தில் சாப்பிடக்கூடாது என்பது விதி. நூலகர் பார்க்காததுபோல நடிப்பார். ஒருநாள் அச்சுத்தாள் எடுக்கப் போனபோது அவள் முன்னால் இருந்த புத்தகத்தைக் கண்டேன். அட்டை கிழிந்து ஒட்டுநாடா போட்ட பழைய மேலதிகக் கணிதப் புத்தகம். வைத்தியசாலைக்குப் பக்கத்தில், பழைய சாமான் விற்கும் தருமக் கடையில் வாங்கினாளாம். பக்கத்தில் மூன்று கொப்பிகள். ஒரு வருடமாகத் தானே படித்து வருகிறாள். விளங்காத இடத்தில் காணொளி பார்க்கிறாள். அதிலும் விளங்காவிட்டால் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாள்.

அந்தப் பட்டியலின் ஞாபகம் வந்தது. ஆனால் அவளுடைய விண்ணப்பம் போய் ஒரு கிழமை ஆகியிருந்தது; அடுத்த வருடம் திருத்தலாம் என்று நினைத்தேன். இந்த 'அடுத்த வருடம்' என்ற நினைப்பை எத்தனை தடவை நினைத்திருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆரணி என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், 'அங்கிள்' மட்டும் சேர்த்துக்கொண்டு. வகுப்பே இல்லாத பாடத்தை ஏன் இப்படிப் போட்டுப் படிக்கிறீர் என்று கேட்டேன். நான் ஏதோ வேடிக்கையான கேள்வி கேட்டதுபோலப் பார்த்தாள்.

"வகுப்பு இல்லையென்றால் பாடமும் இல்லையா, அங்கிள்?"

அரை மணித்தியாலம்

மார்கழியில் அவளுக்கு நேர்முகம் வந்தது. இப்போதெல்லாம் கணினித் திரை வழியாகத்தான். இசை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையை ஒதுக்கி, கணினியைப் பொருத்தி, கமராவில் தெரிந்த ஈரக் குடையை எடுத்துவிட்டு, வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தேன். தாளவாத்தியம் பயில வந்த இரண்டு பேரை மைதானத்துப் பக்கம் திருப்பி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் கதவு திறந்தது. ஆரணி வந்து ஒரு போத்தல் தண்ணீர் முழுவதையும் நின்றபடி குடித்தாள்.

"எப்பிடி?"

"ஓகே, அங்கிள்." கொஞ்சம் பொறுத்து, தமிழுக்கு மாறினாள். அவள் தமிழில் கதைத்தது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை. "முதல் கேள்வியே, உங்கட பள்ளிக்கூடத்தில மேலதிகக் கணிதம் இருக்கு, நீங்கள் ஏன் எடுக்கேல்லை எண்டுதான் கேட்டவர்."

நான் கதிரையை விட்டு எழுந்தேன். "நீர் என்ன சொன்னனீர்?"

"எடுக்கேல்லை எண்டு சொன்னனான்."

"வகுப்பு நடக்கேல்லை எண்டு சொல்லேல்லையா? நீராய்ப் படிக்கிறதைச் சொல்லேல்லையா?"

அவள் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தப் பாடநெறியின் நிபந்தனையை நான் பிறகுதான் தேடி வாசித்தேன். பாடசாலையில் மேலதிகக் கணிதம் இருந்தால், மூன்றே பாடம் என்றாலும் அவற்றில் ஒன்றாக மாணவர் அதை எடுத்திருக்க வேண்டும், பாடசாலையில் இல்லாவிட்டால் பாதகமில்லை. என் பட்டியலின்படி அவள், இருந்ததை வேண்டாம் என்று விட்ட பிள்ளை. ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், அவள் தப்பியிருப்பாள்.

"பள்ளிக்கூடத்தின்ர பேப்பரில இருக்கெண்டு அவர் காட்டினவர், அங்கிள். பேப்பர் பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

முதல் வரி

பெரியவர்கள் எழுதிய தாள் பிழையாக இருக்காது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் 'பணிவானவர்' என்று எழுதிய என்னைப் போன்றவர்கள்தான். பாடசாலையைப் பொய்யாக்க மனமில்லாமல் அவள் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு திருமதி அடெயெமியின் அறைக்குப் போனேன். பட்டியலில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று தொடங்கினேன்.

"நேர்ந்ததா, செய்தீர்களா?" என்றார்.

செய்தேன் என்றேன். தெரிந்தா? தெரிந்துதான். அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். கீழே பஸ் தரிப்பிடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி வந்து தன் கதிரையை எனக்கு விட்டு, தட்டச்சுப் பலகையை என் பக்கம் தள்ளினார். வகுப்பு நடக்கவில்லை, ஆரணி தானாகப் படிக்கிறாள் என்று பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதி முடித்ததும் குனிந்து, பட்டியலை வாசிக்காமல் விட்டது தன் பிழை என்று இன்னொரு வரியைத் தானே சேர்த்தார். அதை அவர் செய்யத் தேவையே இல்லை. எழுதத் தொடங்கும்போது அவர் எனக்குச் சொன்னது இதுதான்:

"உங்கள் பெயரை முதல் வரியில் போடுங்கள், குலா. அதற்குப் பிறகு வருவதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்."

அதிபரின் கையொப்பம்

திருத்தக் கடிதத்தில் அதிபரின் கையொப்பம் வேண்டும். அதிபர் கெட்டவரல்ல. ஆனால் அடுத்த வருடம் சேரப்போகும் பிள்ளைகளுக்கான கையேடு அச்சாகி, நாலு பெட்டி அவருடைய அறையிலேயே இருந்தது. அதில் மேலதிகக் கணிதமும் இருந்தது. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பெட்டிகளைப் பார்த்தார். 'போதிய மாணவர் சேர்ந்தால்' என்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டார். ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு எத்தனை மாணவர் சேர்ந்தால் போதும் என்று திருமதி அடெயெமி திருப்பிக் கேட்டார்.

நான் என் பிழை என்று மறுபடியும் சொல்லப்போனேன். அதிபர் கையை உயர்த்தி நிறுத்தினார். கையேட்டில் உள்ள அந்த வரி முதலில் என்னுடையது, நீங்கள் அதை நகல் எடுத்தீர்கள், அவ்வளவுதான் என்றார். ஓர் அதிபர் தன் அலுவலனிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பேனாவைத் திறந்தார்.

"கையொப்பம் போடுகிறேன். ஆனால் இந்த நாலு பெட்டியையும் மீள்சுழற்சிக்குக் கொண்டுபோய்ப் போடுவது நீங்கள்தான்."

தேத்தண்ணி

இனித் தகப்பனுக்குச் சொல்லவேண்டும். ஆரணி வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லட்டா என்று அவளிடம் கேட்டுவிட்டு, பாலகுமாரைக் கூப்பிட்டேன். வானை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். தண்டம் எழுதுகிறவர் வருகிறாரா என்று ஒரு கண் ஜன்னலிலேயே இருந்தது. நான் சொல்லத் தொடங்கியபின் அந்தக் கண்ணும் என்னிடம் வந்துவிட்டது. பட்டியல், வகுப்பு, நேர்முகம், மகள் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

"பிள்ளையும் சொல்லியிருக்காது."

"ஓம்."

"இடம் கிடைக்காமல் போனால்?"

வேறு நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"இப்ப நான் உங்களோட கோவிக்கவும் ஏலாது, கோவிக்காமல் இருக்கவும் ஏலாது அண்ணை. ஒரு தேத்தண்ணி தாங்கோ, குடிச்சிட்டு யோசிக்கிறன்."

மூன்றாம் நாள்

கடிதம் அனுப்பி மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆரணியோடு இன்னொரு அரை மணித்தியாலம் கதைக்க விரும்புகிறோம். அவர் தானாகப் படித்த பகுதிகளின் பட்டியல் ஒன்றை அனுப்ப முடியுமா? ஆரணி எழுதிக்கொண்டு வந்தாள். பதினான்கு தலைப்பு. அதில் இரண்டுக்கு எதிரே 'படித்தேன், விளங்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டையும் எடுத்துவிடுவோமா என்று என் நாக்கு துடித்தது. பாருங்கள், இவ்வளவுக்குப் பிறகும்! நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.

அந்தப் பதிலின் கடைசிப் பந்தியை அச்செடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். எங்கோ ஓர் அறையில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தாள்களுக்கு நடுவில், ஒருவர் வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஒரு பாடசாலையின் பாடப் பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறார்.

"உங்கள் குறிப்பை நாங்கள் வாசிப்பதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டோம். தொடர்ந்து எழுதுங்கள், அதை நம்பித்தான் இருக்கிறோம்."

அதே கேள்வி

இரண்டாவது நேர்முகத்துக்கும் அதே அறை, அதே கதிரை. இந்தத் தடவை உள்ளேயிருந்து ஒருதரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. ஆரணி வெளியே வந்தபோது கன்னத்தில் மை இருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன். போன தடவை கேட்டவரே முதலில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாராம். விடை தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். அவளே சொல்லட்டும் என்று இடம் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த முகம் தெரியாத மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. பிறகு விளங்கவில்லை என்று எழுதிய இரண்டில் ஒன்றை எடுத்து, வாருங்கள் சேர்ந்து பார்ப்போம் என்று இருவருமாக இருபது நிமிடம் அதிலேயே போட்டார்களாம்.

"பேப்பர் பிழை எண்டு சொல்லுறதுதான் பாடாய்ப் போச்சு, அங்கிள். கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை."

இன்னொருவர்

தை மாதத்தில் இடம் தருவதாகக் கடிதம் வந்தது. பாலகுமார் வானிலிருந்தே தொலைபேசி எடுத்து எனக்குச் சொன்னார். ஆவணியில் பெறுபேறு வந்தது. கேட்ட புள்ளிகளை எடுத்திருந்தாள். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். நான் செய்ததெல்லாம் நான் வெட்டிய குழியை மூடியதுதான். அதற்கு ஏன் கைகுலுக்குகிறார்கள் என்று விளங்கவில்லை.

முந்திய வருடங்களின் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். அதே பட்டியலோடு அதே பல்கலைக்கழகத்தில் அதே மாதிரிப் பாடநெறிக்கு விண்ணப்பித்த ஒருவன் இருந்தான். அவனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. காரணம் என் வரிதானா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவன் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறான். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அன்று பின்னேரமே பதில் வந்தது.

"கவலைப்படாதீர்கள் சார், இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சொன்னதற்கு நன்றி; நான் போதாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்."

அந்தப் பதிலை அச்செடுக்கவில்லை. எடுக்காமலே மனப்பாடம்.

பதினான்காம் அறை

நாலு பெட்டியும் மீள்சுழற்சிக்குப் போய், புதிய கையேடு வந்தது. அதில் ஒரு வரி: 'மேலதிகக் கணிதம் தற்போது எங்களிடம் இல்லை.' பாடசாலையை மேற்பார்வை செய்யும் ஆளுநர் சபைக் கூட்டத்தில் அந்த வரியை வாசித்த ஒருவர், ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருடமும் 'போதிய மாணவர் சேர்ந்தால்' என்று இருந்தபோது யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கோடை விடுமுறைக்கு முன்பே அதிபரும் சபையும் பக்கத்துப் பாடசாலையோடு பேசி, அவர்களுடைய ஆசிரியர் ஒருவரைச் செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் இங்கே வரப் பண்ணிவிட்டார்கள். இந்தப் புரட்டாதியில் ஏழு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.

போன கிழமை இந்த வருடக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். திருமதி அடெயெமி பின்னால் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாடப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"அந்த 'இல்லை'யை எடுத்துவிடுங்கள், குலா. ஆனால் முதலில் பதினான்காம் அறைக்குப் போய் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்."

போய்ப் பார்த்தேன், ஏழு பேரும் இருந்தார்கள். ஒன்றை இல்லை என்று எழுதினால்தான் அது வந்து சேரும் என்று முன்பே தெரிந்திருந்தால், பாடசாலையை விட்டுவிட்டு என்னைப் பற்றியே ஒரு நீண்ட குறிப்பு எழுதத் தொடங்கியிருப்பேன்.